காரணம்: காற்று



நான் ஸ்கூடாயில் பொறியியல் படிக்கும் மாணவன். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் தொழிற்பயிற்சிக்காக ஜொகூர் பாருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போனேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது அந்தத் தொழிற்சாலையைப் பற்றிய புகார் அல்ல. அங்கே ஒரு தாளில் நான் எழுதிய ஒரே ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பயிற்சியின் கடைசி மாதம் எனக்கு இரவு ஷிப்ட். ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணி இருக்கும். திடீரென்று கூரைத் தகடுகள் படபடவென்று அடிக்க ஆரம்பித்தன. நம்ம ஊரில் இது புதுசு இல்லை. தென்மேற்குப் பருவக்காலத்தில் சுமத்ரா தீவில் உருவாகும் இடிமேகங்கள் வரிசை கட்டி மலாக்கா நீரிணையைக் கடந்து வரும். பெரும்பாலும் விடியும் முன்னே வந்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆட்டிவிட்டுப் போய்விடும். காலையில் மோட்டாரில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற அண்ணன்மாரைக் கேட்டால் கடற்பாலத்தில் அந்தக் காற்று எப்படித் தள்ளும் என்று சொல்வார்கள்.

அன்றைக்குக் காற்று வழக்கத்தைவிட அதிகம். லோரி வந்து நிற்கும் இடத்தில் உள்ள பெரிய ஷட்டர் கதவு, மூச்சு இழுத்து விடுகிற மாதிரி உள்ளே வளைந்து வெளியே வளைந்தது. என் லைனில் வேலை செய்த அக்கா ஒருவர், “தம்பி, இது சரியா படல. எங்கயாச்சும் ஒதுங்கி நிக்கலாமான்னு கேளு” என்றார். நான் போய் சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. கத்தவும் இல்லை. “பயமா இருக்கிறவங்க போகலாம். நான் யாரையும் புடிச்சு வைக்கலயே” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

யாரும் போகவில்லை. எங்கே போவது? வெளியே அதைவிட மோசம். ஃபேக்டரி பஸ் ஏழு மணிக்குத்தான் வரும். லைனை விட்டுப் போனால் அந்த மாத அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றார். நானும் நின்றேன். பத்து நிமிஷத்தில் கூரையிலிருந்து ஒரு தகடு பிய்ந்து, சரக்கு ஏற்றும் இடத்தில் அடுக்கியிருந்த பலகைகள் மேல் விழுந்தது. சற்று முன்னால்வரை அதே இடத்தில் நேப்பாளத் தொழிலாளி ஒருவர் நின்று பெட்டிகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க நகர்ந்திருந்தார். யாருக்கும் அடிபடவில்லை.

மறுநாள் சம்பவ அறிக்கையை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. பயிற்சி மாணவன்தானே, தாள் வேலை எல்லாம் நம்ம தலையில்தான். நாள், நேரம், இடம் எல்லாம் எழுதினேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘பலத்த காற்று’ என்று எழுதினேன். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. கை தானாக எழுதியது. சூப்பர்வைசர் பார்த்துத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். “கடவுள் காப்பாத்தினாரு” என்று சாமி அறையில் விளக்கேற்றினார். நானும் கும்பிட்டேன். ஆனால் அந்தக் கட்டம் மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை. காரணம் காற்றுதானா?

முதலில் படித்த படிப்பை வைத்தே பார்ப்போம். காற்று ஒரு சுவரின் மேல் கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. விநாடிக்கு 20 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 245 நியூட்டன் விசை கொடுக்கும். 40 மீட்டர் என்றால் ஏறக்குறைய 980. பெரிய கதவு ஒன்று உடைந்து காற்று உள்ளே புகுந்தால், கூரையை மேலிருந்து இழுக்கும் விசையோடு கீழிருந்து தள்ளும் விசையும் சேர்ந்துவிடும். இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. காற்றுச் சுமைக்கு மலேசியாவில் எம்எஸ் 1553 என்ற தரநிலையே 2002 முதல் இருக்கிறது. அந்தக் கூரையின் திருகுகள் துருப்பிடித்திருந்ததைப் பராமரிப்புப் பிரிவு அண்ணன் பல வாரங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். அப்படியானால் காற்று வந்தது இயற்கை. தகடு விழுந்தது இயற்கை இல்லை. அதன் கீழே ஒரு மனிதர் நின்றது நிச்சயமாக இயற்கை இல்லை. அவரை அங்கே நிறுத்தியது ஷிப்ட் அட்டவணை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது, வேறு நாட்டில் நடந்த ஒன்றைப் படித்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மேஃபீல்டு என்ற சிறிய ஊர். அங்கே மெழுகுவர்த்தி செய்யும் தொழிற்சாலையில் ஏறக்குறைய 110 பேர் இரவு வேலையில் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் நேரம் என்பதால் ஆர்டர் அதிகம். சூறாவளிச் சுழற்காற்று வரலாம் என்ற எச்சரிக்கை பல மணி நேரம் முன்பே வந்துவிட்டது. முதல் எச்சரிக்கை ஒலி கேட்டபோது தொழிலாளர்கள் ஒதுங்கினார்கள். பிறகு மறுபடியும் வேலைக்குத் திரும்பினார்கள். இரவு ஒன்பதரை மணி வாக்கில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய சுழற்காற்று கட்டடத்தைத் தரைமட்டமாக்கியது. அந்தத் தொழிற்சாலையில் இருந்த ஒன்பது பேர் இறந்தார்கள்.

வீட்டுக்குப் போகக் கேட்டோம், போனால் வேலை போகும் என்று மேற்பார்வையாளர்கள் சொன்னார்கள் என்று தொழிலாளர்கள் சிலர் பின்னர் கூறினார்கள். நிறுவனம் அதை மறுத்தது. போக விரும்பியவர்கள் போயிருக்கலாம் என்றது. மாநிலத்தின் தொழிற்பாதுகாப்புத் துறை விசாரித்து, ஏழு கடுமையான விதிமீறல்களைச் சுட்டிக்காட்டி 40,000 டாலர் அபராதம் விதிக்க முன்வந்தது. நிறுவனம் அதை எதிர்த்தது.

அந்த நிறுவனத்தின் பதிலைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘போக விரும்பியவர்கள் போயிருக்கலாம்.’ எங்கள் சூப்பர்வைசர் சொன்ன அதே வாக்கியம். மேஃபீல்டில் யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் நிறுவனம் சொன்னதே முழு உண்மை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது போதுமா? நான் கேட்க வந்த கேள்வி இதுதான்: ஒரு முதலாளி யாரையும் தடுக்காமல் இருந்துவிட்டால், அவருடைய கடமை முடிந்துவிடுமா?

அதே இரவில் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட்ஸ்வில் என்ற ஊரில் அமேசான் கிடங்கு ஒன்றும் சுழற்காற்றில் இடிந்தது. ஆறு பேர் இறந்தார்கள். கட்டடத்தின் வடக்குப் பக்கம் ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள். தெற்குப் பக்கக் கழிவறையில் ஒதுங்கியவர்கள் மேல் சுவர் சரிந்தது. அமெரிக்க மத்திய அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. அபராதம் விதிக்கவில்லை, குறைந்தபட்ச விதிகள் பின்பற்றப்பட்டிருந்தன. ஆனால் ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆட்களை ஒதுங்கச் சொல்லப் பயன்படுத்த வேண்டிய ஒலிபெருக்கி பூட்டிய கூண்டுக்குள் இருந்தது. எங்கே ஒதுங்க வேண்டும் என்பதே பலருக்கு நினைவில் இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் அமேசானின் நேரடி ஊழியர்களும் இல்லை. ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக வந்த ஓட்டுநர்கள்.

சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் ஒலிபெருக்கி பூட்டிக் கிடந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குப் பெயர்தான் தர்மம் என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டம் குறைந்தபட்சத்தைக் கேட்கும். தர்மம், ‘உன்னை நம்பி வந்து நிற்கிறவனுக்கு நீ என்ன செய்தாய்?’ என்று கேட்கும்.

நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த ஒரு கதை இருக்கிறது. கோவர்த்தன மலை. கண்ணன் சுண்டு விரலில் மலையைத் தூக்கினான், ஏழு நாள் குடையாகப் பிடித்தான் என்று படம் வரைந்திருப்போம். அந்தக் கதையில் நான் இவ்வளவு நாள் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த மழை சும்மா வரவில்லை. இந்திரனுக்குச் செய்யும் பூஜையை நிறுத்துங்கள், மலைக்குச் செய்யுங்கள் என்று ஆயர்களிடம் சொன்னவனே கண்ணன்தான். அவன் பேச்சைக் கேட்டுத்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள். அதனால்தான் இந்திரன் கோபித்து மழையை ஏவினான். ஆகவே மழை கொட்டியபோது கண்ணன், ‘பயமா இருக்கிறவங்க போகலாம், நான் யாரையும் புடிச்சு வைக்கல’ என்று சொல்லவில்லை. யாருடைய முடிவால் அவர்கள் அங்கே நின்றார்களோ அவனே மலையைத் தூக்கினான். அந்தக் குடையின் கீழே ஆட்கள் மட்டும் இல்லை. மாடு கன்றுகளும் வந்தன. இது நேரடி ஊழியர், இது ஒப்பந்தம் என்று யாரும் பிரிக்கவில்லை.

முதலாளி கடவுள் இல்லை. சுண்டு விரலில் மலையைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கதை சொல்லும் நியாயம் மட்டும் சாதாரண மனிதருக்கும் பொருந்தும். ஒருவரை ஓர் இடத்துக்கு, ஒரு நேரத்துக்கு வரச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அந்த இடத்தில் அந்த நேரத்தில் அவருக்கு வரும் ஆபத்தைப் பற்றி யோசிக்கும் கடமையும் அவரிடமே இருக்கிறது. அதிகாரத்தை வைத்துக்கொண்டு, ஆபத்து வந்ததும் முடிவெடுக்கும் சுமையை மட்டும் தொழிலாளி கையில் கொடுப்பது சுதந்திரம் கொடுப்பது ஆகாது. அது பொறுப்பைக் கைகழுவுவது.

மேஃபீல்டில் இன்னொருவரும் இருந்தார். பக்கத்துச் சிறையிலிருந்து கைதிகள் ஏழு பேர் அங்கே வேலைக்கு வந்திருந்தார்கள். அவர்களைக் கவனிக்க ஒரு சிறைக்காவலர் கூட வந்திருந்தார். காற்று நெருங்கியபோது கைதிகளை அவர் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பினார். ஏழு பேரும் பிழைத்தார்கள். அவர் இறந்துபோனார். அவர் முதலாளி இல்லை. அந்தக் கட்டடம் அவருடையது இல்லை. தன் பொறுப்பில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். அதே கூரையின் கீழ், பொறுப்பு என்றால் என்ன என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

சிலர் கேட்கலாம்: “இதெல்லாம் அமெரிக்கா கதைப்பா. நம்ம ஊர்ல அந்த மாதிரி காத்து ஏது?” சரிதான், மேஃபீல்டு அளவுக்கு இங்கே வருவதில்லை. ஆனால் ‘பூத்திங் பெலியோங்’ என்ற மலாய்ச் சொல் நமக்கு எல்லாருக்கும் தெரியுமே! கெடா, பெண்டாங்கில் 2014இல் அப்படி ஒரு சுழற்காற்று வந்து வீடுகளைச் சேதப்படுத்தியது. மேஃபீல்டு நடந்து எட்டே நாளில், 2021 டிசம்பர் 18 அன்று, சிலாங்கூர் வெள்ளத்தில் மூழ்கியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நம் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் கூரை மேல் ஏறி நின்றார்கள் என்பது மறக்கக்கூடியதா? அந்த வெள்ளத்தில் நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மார்ச் மாதம் ஜொகூரில் 40,000 பேருக்கு மேல் நிவாரண மையங்களில் இருந்தார்கள். காற்றோ வெள்ளமோ இடியோ, கேள்வி ஒன்றுதான்: எச்சரிக்கை வந்த பிறகும் வேலைக்கு வரச் சொன்னது யார், நிறுத்தச் சொல்ல வேண்டியது யார்?

நம் நாட்டுச் சட்டம் இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. 26ஏ பிரிவு நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. உயிருக்கோ உடம்புக்கோ கடும் ஆபத்து நெருங்கிவிட்டது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கவோ பாகுபாடு காட்டவோ கூடாது. அவசர நேரத்துக்கான நடைமுறைகளை உருவாக்கிச் செயல்படுத்துவது முதலாளியின் கடமை என்றும், ஒப்பந்தக்காரர் வழியாக வரும் ஆட்களுக்கும் பொறுப்பு உண்டு என்றும் திருத்தம் சொல்கிறது. முதலாளி கடமை தவறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது.

நல்ல சட்டம்தான். ஆனால் அந்த விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். விலகும் உரிமை அக்காவுக்கு இருந்திருக்கலாம். காற்று அடிக்கும்போது விலகி எங்கே போவது? புயல் நடுவில் வெளியே ஓடுவது உள்ளே நிற்பதைவிட ஆபத்து. இன்னொன்று, வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இந்த உரிமையை யார், எந்த மொழியில் சொன்னார்கள்? உரிமை கடைசி நிமிஷத்தில் பயன்படும் கதவு. கடமை அதற்கு முன்னாலேயே தொடங்க வேண்டும்: துருப்பிடித்த திருகை மாற்றுவதில், ஒதுங்கும் இடத்தைக் குறித்து வைப்பதில், எச்சரிக்கை வந்தால் யார் ‘நிறுத்து’ என்று சொல்வது என்று முடிவு செய்வதில், நின்ற சம்பளமும் அலவன்ஸும் போகாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதில்.

முதலாளி பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜொகூரில் இடி மின்னல் எச்சரிக்கை வராத வாரமே இல்லை. ஒவ்வொரு தடவையும் லைனை நிறுத்தினால் வியாபாரம் நடக்குமா? பிளாஸ்டிக் அச்சு இயந்திரத்தைச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே இருக்கும் பொருள் கெட்டுப்போகும். திரும்ப ஓட்ட நேரம் ஆகும். எங்கள் சூப்பர்வைசரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்தான். அன்றைய டார்கெட் குறைந்தால் மேலே பதில் சொல்ல வேண்டியது அவர். நிறுத்து என்று சொல்ல அவருக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அதனால்தான் நிறுத்தவும் சொல்லாமல், நிற்கவும் சொல்லாமல் அந்த வாக்கியத்தில் ஒளிந்துகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இதே காரணத்தால்தான் முடிவைப் புயல் நேரத்துக்கு விட்டுவைக்கக் கூடாது. ஒவ்வொரு இடிக்கும் நிறுத்தத் தேவையில்லை. வானிலை ஆய்வுத் துறையின் எந்த எச்சரிக்கைக்கு என்ன செய்வது என்று வெயில் அடிக்கும் நாளில் உட்கார்ந்து பேசிவிட்டால், புயல் அடிக்கும் நாளில் யாரும் வீரனாக இருக்கத் தேவையில்லை.

விதி என்று சொல்லிவிடலாமா? நம் வீடுகளில் இது அடிக்கடி கேட்கும் வார்த்தை. விதியை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கண்ணுக்குத் தெரியாததை விதி என்று சொல்லலாம். தெரிந்த துருவை விதி என்று சொல்வது பொய். அன்றைக்கு அந்த நேப்பாளத் தொழிலாளியைக் கடவுள் காப்பாற்றினார் என்று அம்மா சொன்னதை நான் நம்புகிறேன். கூடவே இதையும் நம்புகிறேன்: அவரைக் காப்பாற்ற வேண்டிய முதல் ஆள் கடவுள் இல்லை, நாங்கள். நாங்கள் செய்யாத வேலையைத்தான் கடவுள் செய்ய வேண்டி வந்தது.

நம்மில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் பாசீர் கூடாங்கிலோ செனாயிலோ துவாஸிலோ தொப்பி போட்ட இஞ்சினியராகவோ சூப்பர்வைசராகவோ நிற்கப் போகிறோம். சிலர் சொந்தமாகக் கடை, ஒர்க்‌ஷாப் வைக்கப் போகிறோம். அப்போது நம்மை நம்பி நாலு பேர் நிற்பார்கள். காற்று வரும். அந்த நேரத்தில் நம் வாயில் எந்த வாக்கியம் வரப்போகிறது என்பதை இப்போதே யோசித்து வைப்போம். இன்றைக்குத் தொழிலாளியாக இருக்கும் அண்ணன்மார், அக்காமார் 26ஏ பிரிவைத் தெரிந்துகொண்டு பக்கத்தில் நிற்பவருக்கும் சொல்லுங்கள். மலாயோ நேப்பாளியோ வங்காளமோ, அவருக்குப் புரிகிற மாதிரி.

பயிற்சி முடியும் நாளில் அந்த அறிக்கையின் நகலைத் திருத்தித் தரலாமா என்று கேட்டேன். “ஃபைல் முடிஞ்சிருச்சு தம்பி, விடு” என்றார்கள். விட்டுவிட்டேன். அப்போது இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்திருக்க வேண்டும். அதனால் திருத்தத்தை இங்கே எழுதுகிறேன்.

காரணம்: கூரைத் திருகுகள் துருப்பிடித்திருந்தது தெரிந்தும் மாற்றப்படவில்லை. ஒதுங்கும் இடம் குறிக்கப்படவில்லை. வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. கேட்ட தொழிலாளிக்குப் பதில் கிடைக்கவில்லை. இவை எல்லாம் தெரிந்தும் அறிக்கை எழுதியவன் ‘காற்று’ என்று எழுதினான்.